திரும்பி வருபவருக்கு மட்டும்

நகரத்து ரயில் பேரம்பாக்கம் தெருக்கள் வரை நீண்ட பிறகு, அதன் கதவருகே ஒரு இயந்திரக் குரல் ஏறுகிற எல்லோரையும் வழியனுப்பியது. திரும்பி வரப்போகிறவர்களிடம் மட்டும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லும். மற்றவர்களுக்கு வெறும் வணக்கம்தான். அதன் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லை.

தெருமுனை ரயில் நிறுத்தம் வரை கூடவே வந்த செண்பகத்துக்குப் புருஷனின் பைமேல்தான் கண்.

“என்னங்க, பை ஏன் இப்படிப் புடைச்சிருக்கு?”

“ஆபீஸ் சாமான்டி. போயிட்டு வரேன்.”

குமரவேல் ஏறினான். “வணக்கம்,” என்றது குரல்.

“மிஷினுக்கு இன்னும் தூக்கம் தெளியல,” என்று சிரித்தான் அவன். முகத்தை மட்டும் இவள் பக்கம் திருப்பவில்லை.

“அப்போ நானும் வர்றேன். உங்க ஆபீஸைத்தான் பார்த்ததே இல்லையே.”

செருப்புகூட இல்லாமல் அவன் பின்னாலேயே ஏறினாள் செண்பகம்.

“போயிட்டு வாங்கம்மா,” என்றது குரல்.