அடுத்த வண்டிக்காரி

பெல்ஜியத்து மணல் தடத்தில் மதிய வெயில் பளிச்சென்று அடிக்கிறது. பெண்கள் மோட்டோகிராஸ் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்க இன்னும் சில நிமிடங்கள்தான். கம்பித் தடுப்புக்குப் பின்னால் முப்பது வண்டிகள் வரிசையாய் நிற்க, பெட்ரோல் வாடையோடு பொரித்த உருளைக்கிழங்கு மணமும் காற்றில் வருகிறது. பந்தய அதிகாரி வாவுட்டர் வேறு யாரையும் பார்க்காமல் நேராக, வரிசையில் நிற்கும் அன்னலினிடம் வருகிறார். “இடது கை கிளவுஸக் கழட்டும்மா.” “எதுக்கு?” “கழட்டு, பாக்கணும்.” கழற்றியதும் பட்டை சுற்றிய மணிக்கட்டு வீங்கித் தெரிகிறது. வியாழக்கிழமை பயிற்சியில் விழுந்ததை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான்: ஆறு வருடமாக ஒரே வேனில் பந்தயங்களுக்குக் கூட வரும் லீவா. இன்று காலை அந்தப் பட்டையைச் சுற்றிவிட்டதும் அவள்தான். பக்கத்து வண்டியில் அமர்ந்திருக்கும் லீவாவை அன்னலின் பார்க்கிறாள். “நீயா சொன்ன?” “உன் நல்லதுக்குத்தான்டி,” என்கிறாள் லீவா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. வாவுட்டர் வெளியே போகச் சொல்லிக் கை காட்டுகிறார். அன்னலின் ஒற்றைக் கையால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறாள். சக்கரம் மணலில் புதைந்து புதைந்து வருகிறது. பத்தடி போய்த் திரும்பிப் பார்க்கிறாள். முதல் வளைவுக்கு நேரே, முந்திச் செல்லத் தோதாக இருந்த அவளுடைய இடத்துக்குள் லீவா தன் வண்டியை நகர்த்தி, முன்சக்கரத்தைத் தடுப்போடு ஒட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.