பாலத்தில் ஒரு சிவப்புக் கொடி

காலையில் தெருமுனைச் சிறுபாலம் இடிந்து வாய்க்காலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. முதல் நாள் மாலையே இன்ஜினியர் அழகியமணவாளன் தார் டிரம்களை வைத்து, சிவப்புக் கொடி நட்டு, பாலத்தை அடைக்கச் சொல்லியிருந்தார்.

"இல்லாங்காட்டி ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸு ஜனத்தோட உள்ள போயிருக்கும்பா" என்று சொல்லிக்கொண்டே டீக்கடைத் தணிகாசலம் அவருக்கு மாலை போட்டார்.

"விரிசல் உட்டிருக்குதுன்னு போன மழையிலயே சொன்னேன். மறக்காம பார்த்தீங்களே சாமி" என்று பூக்கார ஜெயம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அழகியமணவாளன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும் சார். ஊரே பார்க்கட்டும்" என்று தணிகாசலம் தடுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு, அதே தெருவில் தறி வைத்திருக்கும் அர்ஜுனன் சிரித்தபடி வந்தார்.

"ரொம்ப உபகாரம் சார். எப்பவும் வண்டிங்க குறுக்க வந்துகினே இருக்கும். நான் கேட்டேன்னு நீங்க பாலத்த அடைச்சுக் குடுத்தீங்க. உங்க பொண்ணு கல்யாணப் புடவைக்கு விடியக்காலமே பாவு நூலத் தெருவுல நீட்டி முடிச்சுட்டோம். ஒரு இழை அறுந்துபோவல."

அழகியமணவாளன் கழுத்தில் மாலையோடு வாய்க்கால் ஓரமாகக் குனிந்து, உடைந்து கிடந்த துண்டில் ஜெயம்மாள் சொன்ன அந்த விரிசலை முதன்முறையாகப் பார்த்தார்.