ஆணியில் தொங்கிய இங்கிலாந்து

"அப்பா, லண்டன்ல ஒரு பாலம் இருக்கு. கப்பல் வந்தா ரெண்டாத் தொறந்து வழி விடும்!"

எட்டு வயசு மக நாகலெட்சுமி, அடுப்புக்கரியால எங்க லயத்து வீட்டுச் சுவத்துல பாலத்தை வரைஞ்சு காட்டினா.

"அது கெடக்கட்டும். நம்ம ஊரு எது?"

முழிச்சா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு மாசமா இதே கூத்து. தேம்ஸ் ஆறு, மணிக்கூண்டு, ராணி அரண்மனை! இலங்கைக்கே சுதந்திரம் குடுத்த வெள்ளைக்காரன், எங்க தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் குடுக்கல.

மறுநாள் வேலை விட்டதும் நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுவத்துல எப்பவும் தொங்குற இந்தியா தேசப்படத்தைக் காணோம். அந்த ஆணியில இங்கிலாந்து தொங்குச்சு.

யாழ்ப்பாணத்து அம்பலவாணர் மாஸ்டர், தோட்டத்துக் கிளாக்கரோட பேசிக்கிட்டிருந்தார்.

"சார், இந்தியா படம் எங்கங்க?"

"எடுத்து வைச்சிட்டன். இப்ப இங்கிலாந்துதான் படிப்பிக்கிறன்."

"எங்க பாட்டன் பொறந்த நாட்டை எங்க புள்ளைங்க தெரிஞ்சுக்க வேணாமா?"

அவர் கிளாக்கரை ஒரு தரம் பார்த்தார். "சித்திரை வரைக்கும் பொறுங்கோ, செல்லசாமி."

"யாழ்ப்பாணத்துக்காரங்க உங்களுக்கெல்லாம் நாங்கன்னா எப்பவும் எளக்காரம்தான்!"

மூஞ்சிக்கு நேரா கத்திட்டு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு தடவை மனுசன் எங்க லயத்துக்கு வந்தார். நான் முகங்குடுத்தே பேசல.

அன்னையிலருந்து நானே வாத்தியார். காலையில ரொட்டி திங்கும்போது பாடம். நானே கண்ணால பார்க்காத ஊரு, அப்பன் சொல்லக் கேட்டதுதான்.

"நம்ம ஊரு?"

"திருச்சி ஜில்லா, துறையூரு!"

"என்னைக்காவது?"

"அங்கதான் போவோம்!"

பங்குனியில, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நாங்க போட்டிருந்த மனுவை விசாரிக்கக் கூப்பிட்டாங்க. இந்த நாட்டுலயே நிரந்தரமா இருக்கோம்னு நிரூபிக்கணும். குடும்பத்தோட ஹட்டன் டவுனுக்குப் போனோம். பிறப்புச் சீட்டு, தோட்டத்துப் பதிவு எல்லாம் குடுத்தேன்.

"இங்கயே பொறந்தேன், இங்கயேதாங்க சாவேன்"னேன்.

விசாரணை ஐயா தலையாட்டினார். அப்புறம் மகளைப் பார்த்துச் சிரிச்சார்.

"பாப்பா, உங்க ஊர் எது?"

அவ கையைக் கட்டிக்கிட்டு நிமிர்ந்து நின்னா.

"திருச்சி ஜில்லா, துறையூருங்க! என்னைக்காவது அங்கதான் போவோம்னு அப்பா சொல்லிருக்காங்க!"

ஐயா சிரிப்பை நிறுத்திட்டு எழுத ஆரம்பிச்சார்.

மனு தள்ளுபடி. "இனி நம்மள இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களே"ன்னு பஸ்ஸுல வழியெல்லாம் எம் பொஞ்சாதி வேலாயி அழுதா. மக என் கையைப் புடிச்சு இழுத்தா.

"நான் சரியாத்தானே சொன்னேன், அப்பா?"



மறுநாள் மாஸ்டர் முன்னால போய் நின்னேன். சேதி அவருக்கு எட்டியிருந்துச்சு.

"பக்கத்துத் தோட்டத்தில நாலு குடும்பத்துக்கு இப்பிடித்தான் மனு போச்சுது. ஊர் எது எண்டு கேட்க, பிள்ளையள் இந்தியாவைச் சொல்லிப்போட்டுதுகள். அதுதான் படத்தை ஒளிச்சன். இங்கிலாந்தை ஒரு பிள்ளையும் தன்ர ஊர் எண்டு சொல்லாதுதானே? விசாரணை முடியட்டும் எண்டுதான் சித்திரை வரைக்கும் பொறுக்கச் சொன்னன். கிளாக்கருக்கு முன்னால இதைச் சொன்னா, துரைக்குப் போய் என்ர வேலை போயிடும். வீட்டுக்கு வந்தன், நீங்கள் முகம் குடுக்கேல்லை."

தலையே நிமிரல எனக்கு.

அவர் அலமாரிக்குப் பின்னால இருந்து சுருட்டி வச்ச இந்தியா படத்தை எடுத்துத் தூசி தட்டினார். இங்கிலாந்தைக் கழட்டிட்டு, அதே ஆணியில மாட்டினார்.

"நாளையில இருந்து இதைப் படிப்பிக்கிறன், செல்லசாமி. உங்கட பிள்ளைக்கு இனி இதுதான் தேவைப்படும்."