வியாழக்கிழமை இரண்டு மணி நேரம்

"லாபம் இல்லாம இந்தக் காலத்துல எவன் அடுத்தவன் வீட்டு வாசப்படி ஏறுறான்? அடுத்த வாரத்துலேருந்து நீ வர வேணாம்மா."

வாசலை மறித்துக்கொண்டு நின்றார் வெல்டர். எதிரே கைப்பையுடன் தபால்காரம்மா. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுக்கும் குழுவில் இப்போது ஒருத்தி. வியாழக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

"என்னண்ணே கோபம்?"

"கோபம் இல்ல, சந்தேகம். என் பொண்டாட்டி மூணு வருஷமா பக்கவாதத்துல கிடக்கறா. முன்னெல்லாம் வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டா. பையன் செத்ததுக்கு அப்புறம் அடியோட மாறிட்டா. டம்ளர்ல கரண்டியால தட்டித் தட்டியே என் உயிரை வாங்கறா. தண்ணி கேப்பா, உதட்டை நனைச்சிட்டுப் போதும்பா. ஜன்னலைத் திறங்கன்னுவா, திறந்து கையெடுக்கல, சாத்துங்கன்னுவா. நான் அக்கடான்னு உட்காரவே கூடாது அவளுக்கு."

உள்ளே டம்ளர் ஒலித்தது. டிங், டிங்.

"இருக்கீங்களா?" மெலிந்த குரல்.

"எங்கே போயிடப் போறேன்? இங்கதான் செத்துக்கிட்டு இருக்கேன்!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். "பார்த்தியா? ஆனா நீ இருக்கற ரெண்டு மணி நேரமும் கரண்டிச் சத்தமே வர்றதில்ல. எதிர்க்கடையில காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். அது எப்படி?"

"அப்ப அவங்க தூங்கறாங்கண்ணே."

"அதைத்தான் கேக்கறேன். என்ன மாத்திரை கொடுக்கறே?"

தபால்காரம்மா கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் உன் வீட்டுக்காரரு. எனக்கு ஓய்வுன்னு சொல்லி வெளியே அனுப்பறே. அந்த மனுஷன் பசை மாதிரி ஒட்டிக்கிட்டே வர்றாரு. ஒண்ணுக்குப் போனாக்கூட வெளியே நின்னு 'ஆச்சா, ஆச்சா'ன்னு குரல் கொடுக்கறாரு. இதுக்குப் பேரு ஓய்வா?"

தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் கணவர், தையல்காரர், வேறெங்கோ பார்த்தார்.

"போதும். நிறுத்தறதுக்கு எதுல கையெழுத்து போடணும்? கொண்டா."

"நீங்க போட முடியாதுண்ணே. நோயாளியைப் பார்த்துக்கறவங்கதான் போடணும்."

"அப்ப நான் யாரு? மூணு வருஷமா பீ மூத்திரம் அள்ளறவன் யாருங்கறேன்!"

அவள் தடுப்பதற்குள் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த படிவத்தை உருவிவிட்டார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. மனைவியின் இடது பெருவிரல் ரேகைதான் இருந்தது. நோயாளி என்ற இடத்தில், 'என் வீட்டுக்காரர்.'

அதற்குக் கீழே, அவள் சொல்லச் சொல்லத் தபால்காரம்மா எழுதியது:

'பையன் இறந்த மாதம் இவர் மொட்டை மாடிச் சுவர்மேல் ஏறி நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் பிடித்து இறக்கினார். என்னால் எழுந்து பின்னாலேயே போக முடியாது. அதனால், தாகம் இல்லாமலே தண்ணீர் கேட்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது இவர் கூடவே இருந்தால் நான் கொஞ்சம் கண் அயர்வேன்.'

"பொய். காத்து வாங்கத்தான் ஏறினேன்" என்று காகிதத்தைத் தபால்காரம்மா கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார் வெல்டர், பின்னாலேயே உருண்டு வந்த சைக்கிளை மட்டும் இன்றைக்கு அவர் விரட்டவில்லை.