கூடவே வந்தது

மார்ச் 9 காலை, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், அண்ணனின் சிறுநீரகத்தைத் தங்கைக்குப் பொருத்தினார்கள்.

“உன் கிட்னி உன்னை மாதிரி இல்லண்ணே, சொன்ன பேச்சு கேக்குது,” என்று தங்கை சிரித்தாள்.

ஆறாவது வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. சளியைப் பரிசோதித்தபோது அதில் நுண்புழுக்கள் நெளிந்தன.

“ஈர மண்ணுல வெறுங்காலோட வேலை பார்த்ததுண்டா?” என்று டாக்டர் அண்ணனிடம் கேட்டார்.

“அவ செருப்பில்லாம வாசலுக்கே போகமாட்டா, டாக்டர்.”

“நான் உங்களைக் கேக்கறேன்.”

அண்ணன் தலைகுனிந்தான். “முப்பது வருஷத்துக்கு முன்னால, சுரங்கத்துல. ஆனா எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே!”

“வராது. அந்த மண்ணுலேர்ந்து கால் வழியா ஏறின புழு, உடம்போட காவல் கண்ணுல மண்ணைத் தூவிட்டு இத்தனை வருஷமும் உங்களுக்குள்ளயே இருந்திருக்கு. கிட்னியை அவங்க உடம்பு தள்ளிடக்கூடாதுன்னு நாங்க அவங்க காவலைத் தூங்க வெச்சோம். கூடவே வந்த புழு பெருகிடுச்சு. கிட்னி கொடுக்கறதுக்கு முன்னால படிவத்துல இதே கேள்விக்கு ஏன் ‘இல்லை’ன்னு எழுதினீங்க?”

“உண்மையைச் சொன்னா என் கிட்னியே வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

“ரெண்டு நாள் மாத்திரை கொடுத்துட்டு எடுத்திருப்போம்.”

மருந்து பலிக்காமல் தங்கை வெள்ளிக்கிழமை இறந்தாள். அந்த மாத்திரையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனையில் அவன் உடம்பில் புழு இல்லை.