அரை மீசை

எதிர்க்கடை வாசலில் கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை.

தான் எண்ணவில்லை என்றுதான் சலூன்காரர் சத்தியம் செய்வார். ஆனால் காலையிலிருந்து முப்பத்தெட்டுப் பேர், அதில் பதினோரு பேர் பெண்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு மீசையால் வந்தது. முழு மீசைகூட இல்லை.

எதிர்க்கடைக்காரன் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பிதான். மூன்று மாதம் முன்புவரை இவர் கடையிலேயே, பக்கத்து நாற்காலியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தவன். ஃபேன் யார் பக்கம் திரும்புவது என்று ஒரு வாய்த்தகராறு. கோபித்துக்கொண்டு போனவன் அப்படியே கண்காணாமல் போயிருந்தால் பரவாயில்லை. நாலு நாளைக்கு முன் நேர் எதிரே வந்து கடை திறந்தான்.

திறந்த அன்றே இடப்பக்க மீசையை மழித்துவிட்டு, வலப்பக்கத்தை முறுக்கிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். கழுத்தில் ஓர் அட்டை: ‘மறு பாதி என்ன ஆச்சு? உள்ளே வந்து கேளுங்கள்.’

தெரு சிரித்தது. தெரு போட்டோ எடுத்தது. பள்ளிக்கூட வேன்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம்.

“என் தம்பிக்கு மூளையப் பாத்தீங்களா?” என்று தட்டை வைக்கும்போதெல்லாம் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் தன் மீசையைப் பார்த்து இவள் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லையே என்று சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. அதற்காகவெல்லாம் எரிகிற வயிறு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கடையில் கை வேலை செய்ததே தவிர, கண் எதிர்ப்பக்கத்தை விட்டு வரவில்லை.

“அண்ணே, என் தலை இங்க இருக்கு,” என்றார் நாற்காலியில் இருந்தவர். அதற்குள் அவருடைய ஒரு கிருதா காதைத் தாண்டி மேலே போய்விட்டிருந்தது. பெஞ்சில் காத்திருந்த நாலு பேர் நைசாகச் சிரித்தார்கள். அந்த நாலு பேரும் சலூன்காரர் கண்ணில் படவே இல்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருவின் தலைகள் அவர் கையில். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் அத்தனை தலையும் ரோட்டைத் தாண்டிவிடும். கடையை இழுத்துச் சாத்திவிட்டு, மச்சானிடமே போய் ஒரு நாற்காலி கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அவன் பாதி மீசை என்றால், நான் பாதித் தலை.

மறுநாள் காலை கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மெஷினை எடுத்தார். நெற்றியிலிருந்து உச்சிவரை, வலப்பக்கம், சரசரவென்று வந்தது. பின்மண்டைக்குப் போனதும் கை முட்டிக்கொண்டது. கண்ணாடியில் இடம் வலமானது, வலம் இடமானது. மெஷின் போன இடமெல்லாம் ஆடு மேய்ந்த தோட்டம்.

ஊருக்கே முடி வெட்டுகிறவர்தான். ஆனால் தன் பின்னந்தலையை மாதாமாதம் வெட்டிவிட்டவன் பக்கத்து நாற்காலிக்காரன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சண்டைக்குப் பிறகு அங்கே யார் கையும் பட்டதில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடமாயிற்று.

“அதான் தெருவில இன்னொரு சலூன் இருக்கே!” என்று வைத்துவிட்டாள்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். அதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. வழிவிட்டார்கள். வழிவிட்ட கையோடு யாரோ துண்டை உருவினார்கள். ஒரே விசில். செல்போன்கள் மொத்தமாக உயர்ந்தன.

மச்சான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். கண்ணாடிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டான்.

சலூன்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எந்தக் கேலி முதலில் வரப்போகிறது என்று காத்திருந்தார். கேலி வரவில்லை. தரைதான் கண்ணில் பட்டது.

வெள்ளை டைல்ஸ். மூலையில் ஒரு துடைப்பம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முடி இல்லை.

“உக்காருங்க மாமா,” என்றான் மச்சான், வெளியே கேட்காத குரலில். “கடை தொறந்ததிலிருந்து நீங்கதான் மொதல் போணி.”

சலூன்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“பாதி மீசைக்காரன் கையில யாரு மாமா தலையக் குடுப்பாங்க? இங்க போட்டோ எடுத்துக்கறாங்க. முடி வெட்ட நேரா உங்க கடைக்குத்தான் வர்றாங்க. இதையும் எடுத்துட்டா நிக்கிற கூட்டமும் போயிடும். அதான் எடுக்க மனசு வரல.”

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சலூன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு பாதித் தலையும், அதற்கு மேலே ஒரு பாதி மீசையும் தெரிந்தன. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முழுசா எடுத்துடு,” என்றார். “முடிச்சிட்டு இதுல நீ உக்காரு.”