நாள் தள்ளிப் போச்சு

"இந்த மாசம் இன்னும் வரலையா?"

துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் மாதம் தவறாமல் கேட்கும் கேள்விதான். "வந்துடுச்சு அத்தை" என்றால் மறுபேச்சில்லாமல் போய்விடுவாள். பேரப்பிள்ளை ஆசை, வேறென்ன என்று மருமகளும் வாயைத் திறந்ததில்லை. இன்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வரலை அத்தை. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?" மாமியாரின் முகம் இறுகிப்போயிருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை.

"கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன் அத்தை. நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. நடுவுல குழந்தைன்னா படிப்பை மூட்டை கட்டிட வேண்டியதுதான். உங்க பிள்ளைக்கும் தெரியும்."

வீடு ரெண்டுபடப் போகிறது என்று காத்திருந்தாள்.

"மாத்திரை சாப்பிட்டாலும் மாசாமாசம் வரணுமே?"

"கர்ப்பப்பையோட உள்சுவர் மெலிசாவே இருக்குமாம். அதனால ரத்தப்போக்கு குறையுமாம், சில மாசம் வராமலும் போகுமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"ஒருநாள்கூட மறக்கலையே?"

"இல்லை அத்தை."

"வாந்தி கீந்தி எடுத்தியா?"

"இல்லை."

போலீஸ்காரர்கூட இப்படிக் குடைந்திருக்க மாட்டார்.

"டெஸ்ட் பண்ணினியா?"

"காலையிலதான் பண்ணினேன். ஒண்ணும் இல்லை."

மாமியார் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தாள். கண்கள் கலங்கிவிட்டன. பாவம், எத்தனை ஆசையோடு இருந்தாளோ என்று மருமகள் துணியை வைத்துவிட்டு அருகில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. ஒரே ஒரு வருஷம்..."

"அட போடி பைத்தியக்காரி! உன் மாத்திரை அட்டையை நான் எப்பவோ பார்த்துட்டேன். அது கைவிட்டுடக் கூடாதேன்னுதான் மாசாமாசம் கேட்டேன்." மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "நானும் டீச்சர் படிப்பு படிச்சப்போ மாத்திரைதான் சாப்பிட்டேன். நடுவுல நாலு நாள் விட்டது நெனப்புலயே இல்லை. வராததுக்கு மாத்திரைதான் காரணம்னு நாலு மாசம் டெஸ்ட்டே பண்ணாம நிம்மதியா இருந்தேன். படிப்பு அதோட போச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? உன் புருஷன் பொறந்தான்!"